விக்கியின் நிர்வாகப் பக்கத்தை நமக்கேற்ப மாற்றலாம்

இண்டர்நெட்டில் எதைத் தேடினாலும் முதல் சில முடிவுகளுக்குள் விக்கிபீடியா வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தளத்தை இயக்கும் புரோகிராமின் பெயர் மீடியாவிக்கி. இது ஓப்பன் சோர்ஸ் வகையைச் சேர்ந்தது. யார் வேண்டுமானாலும் பணம் எதுவும் கட்டாமல் டவுண்லோட் செய்து, தங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே பதிந்து, சொந்தமாக ஒரு குட்டி விக்கிபீடியாவை நடத்தலாம். படிப்பவரே எழுதவும் திருத்தவும் முடிகிற வெப் பக்கங்களின் தொகுப்புக்குத்தான் விக்கி என்று பெயர். 1995ல் வார்ட் கன்னிங்ஹாம் என்ற அமெரிக்க புரோகிராமர் முதல் விக்கியை உருவாக்கினார். ஹவாய் மொழியில் விக்கி என்றால் விரைவு என்று பொருள்.

விக்கியில் கட்டுரை எழுதுவது எப்படி என்பது பலருக்கும் தெரியும். அதே விக்கியின் நிர்வாகியாக உள்ளே நுழைந்தால் என்ன தெரியும், அந்தத் திரையை நம் வசதிக்கு எப்படி மாற்றுவது என்பதைப் பற்றிப் பேச்சே இருக்காது. புரோகிராமிங் தெரிந்தவர்கள் வேலை என்று ஒதுக்கி விடுகிறோம். நானும் அப்படித்தான் ஒதுக்கினேன். அதனால் ஒரு மீன் காணாமல் போனது.

மடவை போன கதை

என் வீடு திருவொற்றியூரில் இருக்கிறது. பழைய டெஸ்க்டாப் ஒன்று சும்மா கிடந்ததால், அதில் எக்ஸாம்ப் தொகுப்பைப் போட்டு, அதன் மேல் மீடியாவிக்கியைப் பதிந்தேன். வீட்டு வைஃபையில் இணைந்திருக்கும் எந்த போனிலும் அது திறக்கும். வெளி இண்டர்நெட்டுக்கு வராது. எங்கள் வடசென்னையைப் பற்றி வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்ததை எல்லாம் அதில் எழுதி வைப்பது என்று ஏற்பாடு. 1856ல் திறக்கப்பட்ட ராயபுரம் ரயில் நிலையம், காசிமேட்டின் தெருப் பெயர்கள், எண்ணூர் கழிமுகத்தில் எந்த மாதம் எந்த மீன் கிடைக்கும், வாடைக் காற்றுக்கும் கச்சானுக்கும் என்ன வித்தியாசம் என்று பக்கங்கள் சேர்ந்து கொண்டே போயின.

அதிகம் எழுதியவர் என் மாமா. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். எண்ணூர் ஆற்றோரம் வளர்ந்தவர். மடவை மீனைப் பற்றி மட்டும் இரண்டு மாதம் உட்கார்ந்து எழுதினார். அது எந்தத் தண்ணீரில் நிற்கும், எந்த வலைக்கு மாட்டும், சாம்பல் தண்ணீரும் எண்ணெயும் கலந்த பிறகு ஆற்றில் என்ன ஆனது என்று எல்லாம் அந்த ஒரு பக்கத்தில் இருந்தது.

வேலை விஷயமாக நான் ஒரு மாதம் வெளியூர் செல்ல வேண்டி வந்தது. போவதற்கு முன் மாமாவின் பெயரை நிர்வாகிகள் பட்டியலில் சேர்த்துவிட்டுப் போனேன். சொல்லிக் கொடுத்தேனா என்றால், இல்லை. நான்காவது நாள் இரவு போன் வந்தது.

"இன்னாபா இது, எல்லாம் பூட்சு. ரெண்டு மாசமா எய்தினது."

நடந்தது இதுதான். எங்கள் வைஃபையைப் பயன்படுத்தும் பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் மடவைப் பக்கத்துக்குள் புகுந்து, நடுவில் ஒரு சினிமா நடிகரின் பெயரை இருபது முறை எழுதியிருக்கிறான். அதை எடுத்துவிட வேண்டும் என்று மாமா தேடியபோது கண்ணில் பட்டது நீக்கு என்ற பட்டன். அழுத்தியவுடன் ஒரு நீளமான எச்சரிக்கை வந்திருக்கிறது. பக்கத்தை அதன் முழு வரலாற்றுடன் நீக்கப் போகிறீர்கள், விளைவுகளை அறிந்துதான் செய்கிறீர்களா, கொள்கைப்படிதான் செய்கிறீர்களா என்று கேட்கும் எச்சரிக்கை அது. "போலீஸ் ஸ்டேஷன் பேப்பர் மாதிரி கீது" என்றார் மாமா. எப்படியாவது அந்தத் திரையிலிருந்து வெளியே வந்தால் போதும் என்று சரி கொடுத்துவிட்டார். நடிகர் பெயரோடு மடவையும் போய்விட்டது.

உண்மையில் எதுவும் போகவில்லை. மீடியாவிக்கியில் நீக்கப்பட்ட பக்கம் டேட்டாபேஸின் வேறொரு அறையில் பத்திரமாக இருக்கும். நிர்வாகி நினைத்தால் அதைத் திரும்பக் கொண்டு வரலாம். ஆனால் அதற்கான பக்கம் சிறப்புப் பக்கங்கள் என்ற நீண்ட பட்டியலுக்குள் எங்கோ கிடக்கிறது. போனில் வழி சொல்லி மாமாவை அங்கே கொண்டு சேர்க்க முக்கால் மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் அவர் பேசிய குரலை இங்கே எழுத முடியாது. பக்கம் கிடைத்தது. ஆனால் அதன் பிறகு இரண்டு வாரம் அவர் கம்ப்யூட்டர் பக்கமே வரவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் நான் செய்த முதல் வேலை, அந்த நிர்வாகத் திரையை மாமா உட்காரும் இடமாக மாற்றியதுதான். ஒரு வரி புரோகிராம் கூட எழுதவில்லை. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

தமிழ் விக்கிபீடியா காட்டிய வழி

இதற்கு முன்னோடிகள் நம் மொழியிலேயே இருக்கிறார்கள். தமிழ் விக்கிபீடியா 2003 செப்டம்பரில் தொடங்கியபோது அதன் மெனு, பட்டன், எச்சரிக்கை எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருந்தன. அவற்றைத் தமிழாக்கும் வேலையில் ஆரம்ப நாட்களில் முன்நின்றவர் இ. மயூரநாதன். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளைகுடா நாட்டில் கட்டடக்கலைஞராகப் பணியாற்றியவர். 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதைக் கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் அவருக்கு வழங்கியது.

அவரும் பின்னால் வந்தவர்களும் வெறுமனே சொல்லுக்குச் சொல் மாற்றவில்லை. விக்கிபீடியர்கள் கூடிப் பேசும் பக்கத்துக்கு ஆங்கிலத்தில் ஊர்க் குழாயடி என்ற பொருளில் பெயர். தமிழில் அதற்கு ஆலமரத்தடி என்று வைத்தார்கள். எழுதிப் பழகும் பக்கம் மணல்தொட்டி ஆனது. ஒருவர் செய்த கெடுதலான திருத்தங்களை ஒரே கிளிக்கில் பழைய நிலைக்குக் கொண்டு போகிறவரை முன்நிலையாக்கர் என்றார்கள். இதில் கடைசிச் சொல் எனக்கு இன்னும் நாக்கில் ஒட்டவில்லை. ஆலமரத்தடிக்கு மட்டும் விளக்கமே தேவைப்படவில்லை. மாமா முதல் நாளே அதைத் திறந்து பார்த்துவிட்டு, "யாரும் இல்லையே" என்றார்.

இப்படித் தமிழாக்கிய சொற்கள் விக்கிபீடியாவோடு நின்றுவிடுவதில்லை. ட்ரான்ஸ்லேட்விக்கி என்ற தளத்தில் தன்னார்வலர்கள் மொழிபெயர்க்கும் வரிகள்தான் மீடியாவிக்கி புரோகிராமுடன் சேர்ந்து வருகின்றன. பின்லாந்தைச் சேர்ந்த நிக்லாஸ் லாக்ஸ்ட்ரோம் தொடங்கிய தளம் அது. நீங்கள் வீட்டில் மீடியாவிக்கியைப் பதிந்து மொழியைத் தமிழ் என்று தேர்ந்தெடுத்தால், யாரோ ஒரு தமிழர் எங்கோ உட்கார்ந்து மொழிபெயர்த்த வரிகள்தான் உங்கள் திரையில் வருகின்றன.

பதியும் திரையே மாறியது

மீடியாவிக்கியின் நிர்வாகத் திரைகளில் பெரிதாக மாற்றி அமைக்கப்பட்டவற்றுள் ஒன்று, நாம் முதன்முதலில் பார்க்கும் இன்ஸ்டால் திரை. 2011ல் 1.17 பதிப்பு வரும் வரை அது ஒரே நீளமான படிவமாக இருந்தது. அதை நிரப்பி முடித்த பின், உருவான பைலைக் கையால் ஒரு போல்டரிலிருந்து இன்னொரு போல்டருக்கு மாற்ற வேண்டும். இதைப் படிக்காமல் விட்டு, ஏன் திறக்கவில்லை என்று தலையைப் பிய்த்துக் கொண்டவர்கள் அநேகம்.

1.17லிருந்து அது படிப்படியாகக் கேட்கும் திரையாக மாறியது. முதல் கேள்வியே உங்கள் மொழி எது என்பதுதான். கடைசியில் வரும் ஒரு கேள்வியை மட்டும் அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள். விக்கி யாருக்குத் திறந்திருக்க வேண்டும் என்று கேட்டு நான்கு வழிகளைக் காட்டும். எல்லோரும் எழுதலாம், கணக்குத் தொடங்கியவர்கள் மட்டும் எழுதலாம், நீங்கள் அனுமதித்தவர்கள் மட்டும் எழுதலாம், அனுமதித்தவர்கள் மட்டுமே படிக்கக் கூட முடியும் என்பவை அவை. வீட்டு விக்கிக்கு மூன்றாவதுதான் சரி. நான் முதலாவதை விட்டுவிட்டேன். வீட்டுக்குள்தானே என்ற நினைப்பு. பையன் உள்ளே வந்த வாசல் அதுதான்.

எல்லாம் முடிந்ததும் லோக்கல் செட்டிங்ஸ் என்ற பைலை டவுண்லோட் செய்து கொள்ளச் சொல்லும். அதை விக்கியின் மெயின் போல்டரில் போட வேண்டும். உங்கள் விக்கியின் அடிப்படை விதிகள் எல்லாம் இந்த டெக்ஸ்ட் பைலில்தான் இருக்கின்றன. இதை மாற்றுவதற்கு இன்றும் மீடியாவிக்கியில் கூடவே வரும் திரை எதுவும் இல்லை. நோட்பேடில் திறந்துதான் திருத்த வேண்டும். விண்டோஸின் பழைய நோட்பேடில் தமிழ் எழுத்துக்களோடு யுடிஎப்-8 ஆக சேவ் செய்தால், பைலின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் குறி ஒன்று சேர்ந்து கொண்டு விக்கியைப் படுத்தும். 2019ல் வந்த விண்டோஸ் 10 மேம்பாட்டுக்குப் பிறகு நோட்பேட் அந்தக் குறியைத் தானாகப் போடுவதில்லை. திருத்துவதற்கு முன் ஒரு நகல் எடுத்து வைத்துக் கொள்வது எப்போதும் நல்லது.

சொற்களை மாற்றுதல்

இப்போது முக்கிய விஷயத்துக்கு வருவோம். மீடியாவிக்கி திரையில் தோன்றும் ஒவ்வொரு வரிக்கும் உள்ளே ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரில், மீடியாவிக்கி என்ற முன்னொட்டுடன் ஒரு பக்கம் உருவாக்கினால், அதில் நீங்கள் எழுதுவதுதான் இனித் திரையில் வரும். சாதாரணக் கட்டுரையை எடிட் செய்வது போலத்தான். நிர்வாகிகள் மட்டும் செய்யலாம்.

ஒரு வரியின் பெயரை எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு ஓர் அழகான வழி இருக்கிறது. மாற்ற வேண்டிய பக்கத்தைத் திறந்து கொள்ளுங்கள். பிரவுசரின் அட்ரஸ் பாரில் முகவரியின் கடைசியில் ஒரு கேள்விக்குறி போட்டு, ஆங்கிலச் சிறிய எழுத்தில் யூஸ்லேங் என்பதை ஒரே சொல்லாக டைப் செய்து, சமக்குறி இட்டு, க்யூ, க்யூ, எக்ஸ் என்ற மூன்று எழுத்துக்களைச் சேர்த்து என்டர் தட்டுங்கள். முகவரியில் ஏற்கனவே கேள்விக்குறி இருந்தால், புதிதாகக் கேள்விக்குறி போடாமல் ஆம்பர்சண்ட் குறி போட வேண்டும். உடனே திரையில் உள்ள சொற்கள் மறைந்து, அவற்றின் உள் பெயர்கள் அடைப்புக்குறிக்குள் தெரியும். வேண்டிய பெயரைக் குறித்துக் கொண்டு வெளியே வந்துவிடலாம். எதுவும் கெட்டுப் போகாது, பார்வைக்கு மட்டும்தான்.

மாமாவைப் பயமுறுத்திய எச்சரிக்கையின் பெயர் இந்த முறையில் கிடைத்தது. கன்பர்ம் டெலிட் டெக்ஸ்ட் என்பதை இடைவெளியில்லாமல் சேர்த்து எழுதினால் அதுதான். அதற்கான பக்கத்தைத் திறந்து இப்படி எழுதினேன்: "முழுப் பக்கமும் மறைந்துவிடும். ஒரு வரியை மட்டும் எடுக்க வேண்டுமென்றால் இங்கே அழுத்தாமல், பக்கத்தின் வரலாறு என்ற இடத்துக்குப் போகவும். தெரியாமல் அழுத்திவிட்டால் பயப்பட வேண்டாம், பக்கத்தைத் திரும்பக் கொண்டு வரலாம்." கடைசி வரியில், நீக்கிய பக்கங்களைத் திரும்பக் கொண்டு வரும் சிறப்புப் பக்கத்துக்கு ஒரு லிங்க் கொடுத்தேன். இந்த எச்சரிக்கையில் விக்கி லிங்க் வேலை செய்யும்.

மாற்றியும் திரையில் பழைய வரியே வருகிறதா? விருப்பத்தேர்வுகளில் உங்கள் மொழி ஆங்கிலம் என்று இருக்கலாம். விக்கியின் மொழி தமிழ் என்று வைத்திருந்தால், நீங்கள் எழுதியது தமிழில் பார்ப்பவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். ஆங்கிலத்தில் பார்ப்பவருக்கும் மாற்ற வேண்டுமென்றால், அதே பெயருக்குப் பின்னால் சாய்கோடும் ஆங்கிலத்துக்கான ஈஎன் என்ற குறியும் சேர்த்துத் தனிப் பக்கம் உருவாக்க வேண்டும்.

காரணங்களும் கால அளவும்

ஒரு பக்கத்தை நீக்கும்போதும் ஒருவரைத் தடை செய்யும்போதும் ஏன் என்று கேட்டு ஒரு கீழ்விரி பட்டியல் வரும். அதில் உள்ள காரணங்கள் உலகம் முழுவதற்கும் பொதுவானவை. காப்புரிமை மீறல், விஷமத்தனம் என்று போகும். எங்கள் வீட்டுக்கு இவை எதற்கு? இந்தப் பட்டியலும் ஒரு மீடியாவிக்கி பக்கம்தான். நீக்குவதற்கான பட்டியலின் பெயர் டெலிட்ரீசன், ஒரு சிறு கோடு, ட்ராப்டவுன். அதில் ஒரு நட்சத்திரக் குறி போட்ட வரி தலைப்பாகவும், இரண்டு நட்சத்திரம் போட்ட வரி தேர்ந்தெடுக்கும் காரணமாகவும் வரும். நான் வைத்த காரணங்கள் மூன்றே மூன்று: ஒரே விஷயம் இரண்டு பக்கத்தில் இருக்கிறது, பிள்ளைகள் விளையாட்டுக்கு எழுதியது, எழுதியவரே வேண்டாம் என்றார். இந்தப் பட்டியல் சுருங்கியதும் மாமா படிக்க ஆரம்பித்தார். பத்து வரி இருந்தால் படிக்காமல் முதலாவதை அழுத்துவது அவர் பழக்கம். நம் எல்லோருடைய பழக்கமும் அதுதான்.

தடை செய்யும் கால அளவை மாற்றுவதில் நான் ஒருமுறை வழுக்கி விழுந்தேன். இரண்டு மணி நேரம், ஒரு நாள், ஒரு வாரம் என்று வரும் அந்தப் பட்டியல் ஐபிபி ஆப்ஷன்ஸ் என்ற பெயரில் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் கமா. ஒவ்வொன்றிலும் இடப்பக்கம் திரையில் தெரியும் சொல், பிறகு முக்காற்புள்ளி, வலப்பக்கம் புரோகிராம் புரிந்து கொள்ளும் ஆங்கிலச் சொல். உற்சாகத்தில் இரண்டு பக்கத்தையும் தமிழாக்கிவிட்டேன். பட்டியல் அழகாகத் தெரிந்தது. ஆனால் எதைத் தேர்ந்தெடுத்தாலும் கால அளவு செல்லாது என்றே பதில் வந்தது. இடப்பக்கம் நமக்கு, வலப்பக்கம் கம்ப்யூட்டருக்கு என்று நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

தனியாக ஒரு மேசை

சிறப்புப் பக்கங்கள் பட்டியலைத் திறந்தால் பல டஜன் லிங்குகள் வரும். மாமாவுக்குத் தேவை ஆறு. பட்டியலைக் குறைக்க முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள். நிர்வாகி மேசை என்ற பெயரில் ஒரு சாதாரண விக்கிப் பக்கம் உருவாக்கினேன். அதில் அண்மைய மாற்றங்கள், நீக்கிய பக்கத்தைத் திரும்பக் கொண்டு வருதல், ஒருவரைத் தடை செய்தல், தடை செய்யப்பட்டவர் பட்டியல், புதிய கணக்குத் தொடங்கித் தருதல், இதுவரை யார் என்ன செய்தார் என்ற குறிப்பேடு ஆகிய ஆறு லிங்குகள். ஒவ்வொன்றுக்கும் கீழே, எப்போது இதை அழுத்த வேண்டும் என்று ஒரு வரி. கடைசியில் என் போன் நம்பர். தமிழ் விக்கியில் இந்த லிங்குகளை எழுத, பக்கத்தின் பெயருக்கு முன் சிறப்பு என்று எழுதி முக்காற்புள்ளி இட்டால் போதும்.

பிறகு இடப்பக்க மெனுவில் இந்த மேசைக்கு ஒரு லிங்க். அந்த மெனுவும் சைட்பார் என்ற பெயருள்ள மீடியாவிக்கி பக்கம்தான். ஒரு நட்சத்திரத்தில் தலைப்பு, இரண்டு நட்சத்திரத்தில் போக வேண்டிய பக்கம், நடுவில் செங்குத்துக் கோடு, அதன் பிறகு திரையில் தெரிய வேண்டிய சொல். மெனு எல்லோருக்கும் தெரியுமே என்று கேட்கலாம். தெரியட்டும். மேசையைப் பார்க்கலாம், ஆனால் நிர்வாகி அல்லாதவர் தடை செய்யும் லிங்கை அழுத்தினால் உங்களுக்கு அனுமதி இல்லை என்று விக்கியே சொல்லிவிடும்.

மறைப்பது பூட்டு ஆகாது

இங்கே ஓர் எச்சரிக்கை. திரையில் எது தெரியலாம், எது தெரியக் கூடாது என்பதை காமன் சிஎஸ்எஸ் என்ற மீடியாவிக்கி பக்கத்தில் எழுதி மாற்றலாம். பட்டனை மறைத்துவிடலாம். வேண்டாத பட்டன்களை மாமாவின் கண்ணிலிருந்து எடுக்க இது நல்ல வழி. ஆனால் பாதுகாப்புக்கு இதை நம்பாதீர்கள்.

மடவைச் சம்பவத்துக்குப் பிறகு, கணக்கு இல்லாதவர்களுக்குத் தொகு என்ற பட்டன் தெரியாதபடி நான் மறைத்தேன். பையன் ஒரே நாளில் திரும்ப வந்துவிட்டான். பட்டன் இல்லாவிட்டால் என்ன, முகவரியின் பின்னால் ஆக்‌ஷன் என்றும் எடிட் என்றும் சேர்த்து டைப் செய்தால் எழுதும் பெட்டி திறக்கிறதே என்று என்னிடமே விளக்கினான். அவனுக்கு வயது பதின்மூன்று. கதவைத் திரைச்சீலை போட்டு மறைத்தவனிடம், கதவைத் தள்ளித் திறந்து காட்டினான்.

உண்மையான பூட்டு லோக்கல் செட்டிங்ஸ் பைலில்தான் இருக்கிறது. அதில் குரூப் பெர்மிஷன்ஸ் என்று தொடங்கும் வரிகள், எந்தக் குழுவுக்கு எந்த உரிமை என்பதைச் சொல்கின்றன. நட்சத்திரக் குறி என்றால் கணக்கு இல்லாதவர் உட்பட எல்லோரும் என்று அர்த்தம். நட்சத்திரத்துக்கு எதிரே எடிட் என்பதையும், கணக்குத் தொடங்கும் உரிமையையும் ஃபால்ஸ் என்று வைத்தேன். அதன் பிறகு முகவரியில் எதைச் சேர்த்தாலும் எழுதும் அனுமதி கிடையாது. பையனுக்கு நானே ஒரு கணக்குத் தொடங்கிக் கொடுத்தேன். இப்போது எங்கள் பகுதி மெட்ரோ நிலையங்களைப் பற்றி எழுதிக் கொண்டிருக்கிறான்.

இன்னொன்று. சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் போன்ற பக்கங்களில் எழுதியவை, விக்கியைத் திறக்கும் ஒவ்வொருவருடைய பிரவுசரிலும் ஓடும். ஒரு நிர்வாகியின் பாஸ்வேர்ட் திருடு போனால் எல்லோருக்கும் ஆபத்து. இதனால் 2018ல் இந்த உரிமையைச் சாதாரண நிர்வாகிகளிடமிருந்து பிரித்து, இடைமுக நிர்வாகிகள் என்ற தனிக் குழுவிடம் கொடுத்தார்கள். விக்கிபீடியாவிலும் அதே விதிதான். நீங்கள் புதிதாகப் பதியும்போது முதல் கணக்குக்கு எல்லா உரிமையும் கிடைக்கும். மற்றவர்களுக்கு நிர்வாகி உரிமை மட்டும் கொடுங்கள், போதும். மாமாவும் அதற்கு மேல் கேட்கவில்லை.

விக்கிபீடியாவில் நடக்கும் மாற்றம்

தடை செய்யும் திரையைப் பெரிய விக்கிகளுக்காகவும் மாற்றிக் கொண்டே இருக்கிறார்கள். முன்பு ஒருவரைத் தடை செய்தால் முழு விக்கியிலும் தடை. 2019லிருந்து பகுதித் தடை என்ற வசதி விக்கிபீடியாக்களுக்கு வரத் தொடங்கியது. குறிப்பிட்ட சில பக்கங்களை மட்டும் தொடக் கூடாது, மற்றவற்றில் எழுதலாம் என்று வைக்க முடிகிறது. 2025ல் அந்தத் திரை கோடெக்ஸ் என்ற புதிய வடிவமைப்புக்கு மாறியது. ஒருவர் மீது ஒன்றுக்கு மேற்பட்ட தடைகளை, தனித்தனிக் கால அளவோடு வைக்கவும் வழி வந்தது. வீட்டு விக்கிக்கு இவ்வளவு தேவையில்லை. ஆனால் பகுதித் தடையை நான் ஒருமுறை பயன்படுத்தினேன். அண்ணன் தம்பி இருவர், ராயபுரத்தில் தாத்தா வேலை பார்த்த கம்பெனி எது என்று ஒரே பக்கத்தை மாறி மாறித் திருத்திக் கொண்டிருந்தார்கள். இருவருக்கும் அந்தப் பக்கத்தில் மட்டும் ஒரு வாரம் தடை. வேறு பக்கங்களில் எழுதினார்கள்.

எதைப் பதிவது?

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு யோசனை. விக்கிபீடியா போலவே இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் இல்லையென்றால், டோக்குவிக்கியைப் பதியுங்கள். ஜெர்மனியின் ஆண்ட்ரியாஸ் கோர் 2004ல் உருவாக்கியது. டேட்டாபேஸ் தேவையில்லை. ஒவ்வொரு பக்கமும் ஒரு டெக்ஸ்ட் பைலாக உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும். பேக்கப் எடுப்பது என்றால் அந்த போல்டரைப் பென் டிரைவில் காப்பி செய்வதுதான்.

அதில் நிர்வாகி என்ற ஒரே பக்கத்தில் பயனர்கள், அனுமதிகள், அமைப்புகள், கூடுதல் வசதிகள் எல்லாம் வரிசையாக இருக்கும். செட்டிங்ஸை நோட்பேடில் தேட வேண்டியதில்லை, படிவத்திலேயே மாற்றலாம். கூடுதல் வசதிகளைச் சேர்க்கும் திரையை 2014ல் புதிதாக அமைத்தார்கள். அதன் பிறகு தேடுவதும் சேர்ப்பதும் எளிதாகிவிட்டது. நான் ஏன் மீடியாவிக்கியிலேயே இருக்கிறேன் என்றால், தமிழ்ச் சொற்கள் அதில் அதிகம் தயாராக இருக்கின்றன. பிறகு, ஆலமரத்தடியை விட்டுப் போக மனம் வரவில்லை.

மீடியாவிக்கியைத்தான் பதிவேன் என்பவர்கள் நீண்டகால ஆதரவு உள்ள பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். 1.43 அப்படிப்பட்டது, 2024 டிசம்பரில் வெளிவந்தது. நீங்கள் மாற்றிய சொற்கள் எல்லாம் டேட்டாபேஸில் பக்கங்களாக இருப்பதால், அடுத்த பதிப்புக்கு மாறினாலும் அப்படியே இருக்கும். அதில் ஒரு சிக்கலும் உண்டு. புதிய பதிப்பில் அந்தத் திரை மாறியிருக்கும், உங்கள் பழைய வரி மட்டும் மாறாமல் நிற்கும். அதனால் பதிப்பு மாற்றிய அன்று, ஆல்மெசேஜஸ் என்ற சிறப்புப் பக்கத்தைத் திறந்து, மாற்றப்பட்டவை மட்டும் என்று வடிகட்டிப் பாருங்கள். நீங்கள் கை வைத்த வரிகள் மட்டும் வரிசையாக வரும். எங்கள் விக்கியில் அவை பதினேழு. அதில் இரண்டு, மாமா சொல்லி மாற்றியவை. நீக்கு என்ற பட்டனை முழுப் பக்கத்தையும் எடு என்று மாற்றச் சொன்னார். மாற்றியிருக்கிறேன்.